பஸ் ஏறும் வரைக்கும்

வாத்தியார் வீட்டில் வாசல் கதவுக்கு உள்ளே ஒரு மொழி, வெளியே ஒரு மொழி. செருப்பு மாட்டும் வரைக்கும் தமிழ். கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுவிட்டால் ஆங்கிலம். மாடிப்படியில்கூடச் சலுகை கிடையாது. ஏனென்றால் இரண்டாம் மாடியில் இருக்கும் பெண்மணியின் இரண்டு பிள்ளைகளும் அவரிடம்தான் ஆங்கிலம் படிக்கிறார்கள்.

இந்தச் சட்டம் வந்த கதை ரொம்பச் சின்னது. மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வெளிநாட்டு ஊரின் ஆங்கிலப் பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டபோது, படிவத்தில் ‘வீட்டில் பேசும் மொழி’ என்று ஒரு கட்டம் இருந்தது. வாத்தியார் அதற்கு முன்னால் நாலு இடத்தில் உண்மையைப் பூர்த்தி செய்து அனுப்பி, நாலு இடத்திலும் பதில் வராமல் மண்டை காய்ந்து போயிருந்தார். ஐந்தாவது படிவத்தில் ‘ஆங்கிலம்’ என்று எழுதினார். ஒரே வாரத்தில் வேலை வந்துவிட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நிலையத்துக்காரர்கள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, குடும்பத்தையே கூப்பிட்டுப் படம் எடுத்து, ‘வீட்டிலும் ஆங்கிலமே பேசும் ஆசிரியர்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒட்டிவிட்டார்கள். கீழ்த்தளத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள்கூடப் புதுக் கண்ணாடியைப் போட்டதும் முதலில் படித்துப் பார்ப்பது அதைத்தான்.

“நல்ல வேளை, போட்டோல நான் வாயைத் திறக்கல” என்றாள் அவர் மனைவி, அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது.

வீட்டுக்குள் அவளிடம் யாரும் பேசி ஜெயிக்க முடியாது. கணக்கில் முதுகலை படித்தவள். ஆங்கிலப் பத்திரிகை எடுத்தால் தலைப்பிலிருந்து வால் வரை படித்துவிடுவாள். ஆனால் பேச வேண்டும் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளியில் அவளுக்கு மொத்தம் இரண்டே வசனம். ஒன்று ‘எஸ், எஸ்’. இன்னொன்று ‘வெரி நைஸ்’. “இந்த ரெண்டை வச்சு ஆபரேஷன் தவிர மத்த எல்லாத்தையும் சமாளிச்சிடலாம்” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்காவது போகலாம் என்றால் இப்போதெல்லாம் அவளுக்குத் தலைவலி வந்துவிடுகிறது.

அவளைக் குறை சொல்ல முடியாது. வாத்தியாரோடு வெளியே போவது ஒரு தண்டனை. மனிதர் எங்கே போனாலும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டார். பூங்காவில் பாயை விரித்தால், அங்கே நடைபாதை பக்கத்தில் இருக்கிறது என்று மரத்தடிக்கு மாற்றுவார். மரத்தடியில் உட்கார்ந்தால், பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை என்று மறுபடி மாற்றுவார். வாய் மகளிடம் வாத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். கண் நாலு பக்கமும் மாணவர் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கும். மிருகக்காட்சிசாலைக்குப் போய்விட்டு வந்த அன்று, “கூண்டுக்குள்ள இருந்த புலி உங்களைவிட நிம்மதியா இருந்துச்சுங்க” என்றாள் மனைவி. அவருக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்வது?

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் பட்டாணி என்று பெயர். வெளியே வந்தால் டார்லிங். முதல் வருடம் யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இப்போது பழகிவிட்டாள். அப்பாவின் வகுப்புச் சட்டங்களும் அவளுக்கு அத்துப்படி. அதில் முதல் சட்டம், எதையும் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளை வெறுமனே ‘ரப்பர்’ என்று கை நீட்டினால் வாத்தியார் காது கேட்காதவர் மாதிரி நிற்பார். ‘எனக்கு ரப்பர் வேண்டும், தருகிறீர்களா’ என்று முழுதாகச் சொன்னால்தான் ரப்பர் வரும், கூடவே ஒரு ‘வெரி குட்’டும் வரும். தெருவில் பட்டாணி ஐஸ்கிரீம் கேட்டாலும் அதே கதைதான்.

இந்த வருடம் வாத்தியாரின் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. நிலையத்தில் ஆங்கிலத்துக்கு இரண்டு பேர். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் அடுத்த வருடத்துக்கு ஒருவர் போதும் என்று டைரக்டர் அம்மா சொல்லிவிட்டார். இன்னொருவர் பிறந்ததிலிருந்தே ஆங்கிலம் பேசுகிறவர், ஆறடிக்கு மேல் உயரம். வாத்தியார் மனைவி அவருக்கு நெட்டையர் என்று பெயர் வைத்திருந்தாள். ஒப்பந்தம் போனால் விசாவும் போகும், ஒரே மாதத்தில் மூட்டை கட்ட வேண்டும். பட்டாணிக்குப் பள்ளிக்கூட வருடம் பாதியில் நிற்கும். ஊரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு, திரும்பிப் போனால் எந்த நாற்காலியும் காத்திருக்கவில்லை.

யார் இருப்பது, யார் போவது என்று டைரக்டர் அம்மா வாயால் சொல்லவில்லை. குடும்ப நாள் முடிந்ததும் முடிவு செய்வேன் என்றார். குடும்ப நாள் என்பது வருடத்துக்கு ஒரு தடவை ஏரிக்கரைப் பூங்காவில் நடக்கும் பிக்னிக். மாணவர்களும் பெற்றோரும் வருவார்கள், ஆசிரியர்கள் தங்கள் குடும்பத்தோடு வர வேண்டும். “உங்கள் மகளை வைத்து ஒரு சின்ன மாதிரிப் பாடம் நடத்திக் காட்டுங்களேன். பெற்றோர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றார் அந்த அம்மா. வாத்தியார் ஏழாம் பாடத்தை எடுத்துக்கொண்டார். பாடத்தின் பெயர் ‘மருத்துவரிடம்’. ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது, மருந்து சாப்பிட்டீர்களா, அவ்வளவுதான்.

வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகை நடந்தது. பட்டாணிக்கு வயிற்றுவலி. அவள் சோபாவில் உருண்டு புரண்டு, கண்ணைச் சொருகி, அமர்க்களப்படுத்தினாள். வாத்தியார் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புக்குப் பதிலாகச் செல்போன் சார்ஜர் தொங்கியது. “அழுற மாதிரி செய்யட்டுமா?” என்று கேட்டாள் ஒருநாள். “லேசா போதும். வாக்கியம் முழுசா இருக்கணும், அதுதான் முக்கியம்” என்றார் அப்பா.

பிக்னிக் அன்று காலையில் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே கடைசி உத்தரவு போட்டார். “இன்னிக்கு ஒரு தமிழ் வார்த்தை வாயிலேருந்து வரக் கூடாது. அம்மாகிட்டகூட. என்ன?”

“எது வரைக்கும்?”

“திரும்பி பஸ் ஏறும் வரைக்கும். ஏறின உடனே உனக்கு ஸ்பெஷல் பெர்மிஷன். வீடு வர்ற வரைக்கும் பஸ்லயே தமிழ்ல பேசிக்கோ.”

பட்டாணிக்கு வாயெல்லாம் பல். பஸ்ஸில் தமிழ் பேச இதுவரை அனுமதி கிடைத்ததே இல்லை.

“எனக்கும் பெர்மிஷன் உண்டா, வாத்தியாரே?” என்றாள் மனைவி. அவர் காதில் வாங்காமல் கதவைப் பூட்டினார்.

ஏரிக்கரையில் நல்ல கூட்டம். டைரக்டர் அம்மா ஒரு அட்டையில் பட்டியல் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தார். வாத்தியார் மனைவிக்கு ஜூஸ் மேஜை. அவள் கோப்பைகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ‘எஸ், எஸ்’ சொல்லி ஊற்றினாள். அந்தப் பக்கம் நெட்டையர் புல்லில் மல்லாந்து படுத்திருந்தார், நாலைந்து பிள்ளைகள் அவர் வயிற்றின்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. அவருக்கென்ன, அவர் எப்படி வேண்டுமானாலும் படுக்கலாம். வாத்தியாரால் நிற்கக்கூட முடியவில்லை. ஒவ்வொரு பாயாகப் போய் விசாரித்தார், கைகுலுக்கினார், பாதிப் பேச்சில் அடுத்த பாய்க்குத் தாவினார். நடுநடுவே மகளைத் தேடினார். அவள் விளையாட்டுத் திடலில் கயிற்று ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். கீழே நிற்கும் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் ஏதோ கத்தினாள். நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த தடவை பார்த்தபோது ஏணியில் அவளைக் காணோம். கீழே மணலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெற்றோர் வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் பட்டாணி பக்கத்தில் வந்து நின்றாள், உடுப்பெல்லாம் மணல்.

“அப்பா. கை” என்றாள், ஆங்கிலத்தில்.

சுற்றி மூன்று தாய்மார்கள் இருந்தார்கள். வாத்தியார் குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாக, “முழு வாக்கியமாகச் சொல் பார்க்கலாம், டார்லிங்” என்றார், அவரும் ஆங்கிலத்தில். பட்டாணி எச்சிலை விழுங்கினாள். “என் கை வலிக்கிறது” என்றாள். “வெரி குட்” என்று தலையைத் தடவினார். தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் டைரக்டர் அம்மா கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார்.

கூட்டத்தை நோக்கி நடக்கும்போது, பட்டாணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து மறுபடியும் அதையே சொன்னாள். வாரம் முழுக்க ஒத்திகை பார்த்த பிள்ளை கடைசி நேரத்தில் வசனத்தை மறந்துவிட்டதே! “கை இல்லை, வயிறு. வயிறு வலிக்கிறது. ஞாபகம் வைத்துக்கொள்” என்று அவள் காதோரம் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்.

பாடம் தொடங்கியது. டைரக்டர் அம்மா செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார். வாத்தியார் நிஜமான பொம்மை ஸ்டெதஸ்கோப் ஒன்றை மாட்டிக்கொண்டு, “வணக்கம், உட்காருங்கள். உங்களுக்கு எங்கே வலிக்கிறது?” என்றார்.

பட்டாணி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இடது கையை மடியில் வைத்து வலது கையால் பொத்திக்கொண்டிருந்தாள். “என் கை வலிக்கிறது” என்றாள்.

பிள்ளை சொதப்பிவிட்டது என்று வாத்தியாருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் மூன்று வருட அனுபவம் வீண் போகுமா? சமாளித்துக்கொண்டார். “அப்படியா. எப்போதிலிருந்து வலிக்கிறது?”

“நான் விழுந்ததிலிருந்து வலிக்கிறது.”

இந்த வாக்கியத்தை அவர் சொல்லித் தரவே இல்லை. அச்சுப் பிசகாமல் சொந்தமாகச் சொல்கிறாள். எரிச்சல் போய்ப் பெருமை வந்துவிட்டது. “ரொம்ப வலிக்கிறதா?” என்று கேட்டார். “ஆமாம்” என்றாள். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் சிரித்தது. பட்டாணி சொன்னாள், “ஆமாம், எனக்கு ரொம்ப வலிக்கிறது.” கண்ணிலிருந்து நீர் கொட்டியது, முகம் மட்டும் ஆடவில்லை. இப்படி ஒரு நடிப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை. கைதட்டல் ஏரிக்கு அக்கரை வரை கேட்டிருக்கும். நெட்டையர்கூட எழுந்து நின்று தட்டினார். ஜூஸ் மேஜை ரொம்பத் தள்ளி இருந்தது. கைதட்டல் கேட்டு வாத்தியார் மனைவியும் அங்கிருந்தபடியே தட்டினாள்.

பிக்னிக் முடியும்போது டைரக்டர் அம்மா அருகில் வந்து, “இனிமேல் யோசிக்க வேண்டியதில்லை” என்று மட்டும் சொன்னார். வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக பஸ் நிறுத்தத்தில் அசையாமல் நின்றார்.

பஸ் வந்தது. ஏறினார்கள். கதவு மூடிக்கொண்டது. பட்டாணி ஜன்னலோரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, பஸ் ஏறியாச்சா?”

“ஏறியாச்சே.”

“இப்ப பேசலாமா?”

“பேசுடி தங்கம். நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”

“கை வலிக்குதும்மா” என்றாள். சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரமாக அடக்கி வைத்திருந்த அழுகையை மொத்தமாக விட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அம்மா அவளுடைய முழுக்கைச் சட்டையை மெதுவாக மேலே தள்ளினாள். மணிக்கட்டு வீங்கி நீலம் பாரித்திருந்தது, பார்க்கும்போதே கோணலாகத் தெரிந்தது.

“ஐயையோ, என்னடி இது? எப்ப விழுந்த?”

“ஏணிலேருந்து.”

“ஏன் என்கிட்ட வந்து சொல்லல?”

“உன்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லணும்ல. உனக்குப் புரியாதே” என்றாள் பட்டாணி, விக்கிக்கொண்டே. “அப்பாகிட்ட சொன்னேன். நிறைய தடவை சொன்னேன்.”

மனைவி வாத்தியாரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் மூவரும் இறங்கி, கண்ணில் பட்ட முதல் மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

டாக்டர் வயதானவர், ஆங்கிலம் தெரிந்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு, பட்டாணியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஆங்கிலத்தில் கேட்டார். “உனக்கு எங்கே வலிக்கிறது?”

ஏழாம் பாடத்தின் முதல் கேள்வி. ஒரு எழுத்து மாறவில்லை. பட்டாணியின் அழுகை சட்டென்று நின்றது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். “என் கை வலிக்கிறது. நான் விழுந்ததிலிருந்து வலிக்கிறது” என்று ஒப்பித்தாள். டாக்டர் வியந்துபோய், “என்ன அழகாகப் பேசுகிறது குழந்தை” என்றார். வாத்தியாருக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“பட்டாணி, நீ தமிழ்லயே சொல்லுடா. அப்பா டாக்டர்கிட்ட சொல்றேன்” என்றார்.

அவள் நம்பவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் காதில்தான் சொன்னாள். எந்த இடத்தில் குத்துகிறது, எந்த விரலை மடக்க முடியவில்லை, எல்லாவற்றையும். அம்மா அதைத் தமிழில் அவரிடம் சொன்னாள். அவர் ஆங்கிலத்தில் டாக்டரிடம் சொன்னார். ஒரு முழத் தூரத்தில் இருக்கும் மகளின் வலி அப்படிச் சுற்றிக்கொண்டுதான் அவரிடம் வந்து சேர்ந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்தது. பெரிய முறிவு இல்லை, ஆறு வாரம் மாவுக்கட்டு போதும் என்றார் டாக்டர்.

கட்டு காயும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டாணி அம்மா மடியில் தூங்கிப்போனாள். வாத்தியாரின் செல்போன் அதிர்ந்தது. டைரக்டர் அம்மாதான். இரண்டு வருட ஒப்பந்தம் தயார், திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடலாம். கூடவே ஒரு வீடியோ. இனி புதிதாகச் சேர வருகிற ஒவ்வொரு பெற்றோருக்கும் இதைத்தான் போட்டுக் காட்டப் போகிறோம் என்று எழுதியிருந்தார்.

“என்னது?” என்றாள் மனைவி.

மறைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மனிதர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் மடியில் அந்த வெள்ளைக் கட்டு கிடந்தது. செல்போனை அவளிடம் நீட்டினார். அவள் பார்த்தாள், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். அவளுக்குப் புரியாத ஆங்கிலம் அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்டாள்.

“இங்க இவ என்ன சொல்றா?”

“தெரியுமே உனக்கு.”

“நீங்க சொல்லுங்க. நான் கேக்கணும்.”

“கை வலிக்குதுன்னு சொல்றா.”

“இங்க?”

“விழுந்ததுலேருந்து வலிக்குதுன்னு சொல்றா. ரொம்ப வலிக்குதுன்னு.”

“இந்த இடத்துல காதுல கையை வச்சுக்கிட்டு நிக்கிறீங்களே. அது எதுக்கு?”

“முழுசா சொல்லச் சொன்னேன்” என்றார். மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் செல்போனை அவர் கையில் திருப்பி வைத்துவிட்டு, மகளின் தலைமுடியிலிருந்த மணலைத் தட்டிவிடத் தொடங்கினாள்.

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், தாழ்வாரக் கடைசி வரை போய்த் திரும்பினார். பிறகு நின்றபடியே டைரக்டர் அம்மாவுக்கு எழுதினார். வீடியோவைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். என் மகள் நடிக்கவில்லை, அவளுக்குக் கை முறிந்திருந்தது. எனக்குத் தெரியாமல் போனது. எங்கள் வீட்டில் பேசுவது தமிழ். படிவத்தில் நான் எழுதியது பொய். அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை படித்தார், அனுப்பினார். உடனே பார்த்துவிட்டதாகக் காட்டியது. பதில் வரவில்லை.

“என்ன எழுதினீங்க?”

சொன்னார். “பெட்டியெல்லாம் பரண்ல இருக்கு. இறக்கணும்” என்றாள் அவள். அது கோபமா, சம்மதமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது பட்டாணி விழித்துக்கொண்டாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். நிறுத்தத்தில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். வாத்தியார் மாவுக்கட்டில் கை படாமல் அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரி, தமிழில் கேட்டார்.

“வலிக்குதாடா, பட்டாணி?”

அவள் தலையைத் தூக்கி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பஸ் இன்னும் வரவில்லை. சட்டப்படி இங்கே தமிழ் கூடாது. அப்பா ஏன் பேசுகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

“நெஜமா கேக்குறியா?” என்றாள் மெதுவாக. “இல்ல, கிளாஸுக்கா?”

“நெஜமா” என்றார் வாத்தியார்.

பட்டாணி இன்னும் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வருகிறதா என்று தெருக்கோடி வரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, கட்டுப் போட்ட கையை நகர்த்தாமல், அம்மா பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“பஸ் வரட்டும், சொல்றேன்” என்றாள்.